பாட்டுக்கு ரேங்க் போட்ட கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு சாயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.

2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நான் பணி ஓய்வு பெற்றதும் அதே ஆண்டுதான். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் ரேங்க் அட்டையில் எண் எழுதிய கை இது. அரசாங்கம் விட்டாலும் மனிதர்கள் ரேங்க் போடுவதை விடுகிறார்களா? பள்ளிக்கூடத்தில் நின்றது, பாட்டில் நிற்கவில்லை.

என் பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவன் "தமிழின் தலைசிறந்த பத்து ஆல்பங்கள்" என்று பட்டியல் போட்டான். முதலிடம் ரோஜா. அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. இளையராஜா இல்லாத முதலிடம் என்ன முதலிடம் என்று ஒருவன் கேட்டான். எம்.எஸ்.வி.யை விட்டுவிட்டு என்னத்தைப் பேசுகிறீர்கள் என்று இன்னொருவன் வந்தான். மூன்றாம் நாள் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்! "சார், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னை இழுத்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பாட்டுக்கு ரேங்க் போட்டது யார், எப்படிப் போட்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஆல்பம்' என்ற சொல். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, நாம் கல்யாணப் படங்களை ஒட்டி வைக்கும் ஆல்பம் மாதிரி அட்டை போட்டுக் கட்டி விற்றார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1948-இல் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு எல்லாப் பாட்டும் ஒரே தட்டில் அடங்கியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நமக்கு ஆல்பம் என்றால் படத்தின் பெயர்தான். "சலங்கை ஒலி கேசட் இருக்கா?" என்றுதான் கடையில் கேட்போம்.

இந்தியாவில் பாட்டு வரிசையைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது ஒரு பற்பசைக் கம்பெனி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். பினாகா கீத்மாலா. இலங்கை வானொலியில் 1952 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. ஆரம்பத்தில் ஏழு பாட்டைப் போட்டு நேயர்களையே வரிசைப்படுத்தச் சொல்லும் போட்டியாக இருந்தது. கடிதம் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததில், 1954-இல் வாராந்திரத் தரவரிசையாக மாற்றினார்கள். இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்குதான் அடிப்படை. ஆனால் ஒரு சிக்கல். நன்றாக விற்கிற தட்டு கடையில் தீர்ந்துபோனால் அடுத்த வாரம் விற்பனை பூஜ்யம்! உச்சத்தில் இருக்கிற பாட்டு கணக்கில் கீழே விழுந்துவிடும். அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணிக்கை என்றால் ருசி தலையிடாது என்று நினைக்கிறோம். எதை எண்ணுவது என்று தீர்மானிக்கிற இடத்திலேயே ருசி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதற்கு ஏன் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது? அதுவும் ரேங்க் கதைதான். 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்பது அவர் முடிவு. அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகுதான் திரும்பி வந்தது. ஆர்மோனியப் பெட்டி இன்னும் பாவம். 1940 முதல் 1971 வரை வானொலி நிலையத்துக்குள்ளேயே அதற்கு இடமில்லை. மேலே நாற்காலியில் இருப்பவரின் சொந்த விருப்பம் அரசாணையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இந்த நாட்டுக் காதுகள் அத்தனையும் கடல் தாண்டி கொழும்புக்குத் திரும்பின. கேஸ்கர் தடுத்ததில் வாழ்ந்தது இலங்கை வானொலி.

எங்கள் தேங்காய்ப்பட்டணத்துக்கு வருகிறேன். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிற இடம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் – கொச்சி மாநிலம். எங்கள் ஊர் எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பள்ளிப்படிப்புப் படித்தவர். தமிழில் நாவல் எழுதி 1997-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அப்படி ஒரு ஊர். எங்கள் காதும் அதே மாதிரிதான். கொழும்பு அலை கடல் வழியாகத் தெளிவாக வரும். திருவனந்தபுரம் நிலையம் 1943 முதல் இருக்கிறது, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது. நாகர்கோவில் நிலையம், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம், 1984-இல் வந்தது. காலையில் கொழும்பின் 'பொங்கும் பூம்புனல்', மத்தியானம் திருவனந்தபுரத்தில் யேசுதாஸ், ராத்திரி மறுபடியும் கொழும்பு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்களில் பலர் நல்ல தமிழ் பேசக் கற்றோம். ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கிடைத்த பேச்சுப் பாடத்தைவிட அது மேல்.

ஆக, மதுரையில் வளர்ந்த ஒருவரின் பத்துப் பாட்டும் என் பத்துப் பாட்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அவருக்கு என்னைவிட ரசனை கூடுதலோ குறைவோ என்பதல்ல. அவர் வீட்டு ரேடியோவில் பிடித்த அலை வேறு.

பிறகு கேசட் வந்தது. 1979-இல் எங்கள் காக்கா வளைகுடாவுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து வரும்போது நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் செட் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் அது மூன்றாவது செட் என்று நினைவு. உங்களில் பலருக்கும் பாட்டுப் பதிவுக் கடை ஞாபகம் இருக்கும். வெற்றுக் கேசட்டை வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். நாலு நாள் கழித்துப் போனால் பதிந்து வைத்திருப்பார்கள். மார்த்தாண்டத்தில் அப்போது அப்படிக் கடைகள் இருந்தன. கண்ணாடி அலமாரி நிறைய இசைத்தட்டு, உள்ளே ஊதுபத்தி வாசனை.

அந்தக் காகிதம்தான் நம் ஜனங்கள் எழுதிய உண்மையான தரவரிசை என்பது என் கருத்து. யோசித்துப் பாருங்கள். அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு, கஷ்டப்பட்டால் ஏழு. மொத்தம் பன்னிரண்டு, பதிமூன்று. அதற்குமேல் இடம் இல்லை, கையில் காசும் இல்லை. முப்பது பாட்டு பிடித்தவன் பதினேழு பாட்டைத் தள்ளியாக வேண்டும். ஏ பக்கம் முதல் பாட்டு எது, பி பக்கம் கடைசிப் பாட்டு நாடா தீர்ந்து அறுந்துபோனாலும் பரவாயில்லை என்று வைப்பது எது என்று வீட்டில் சண்டை நடக்கும். உம்மாவுக்கு நாகூர் ஹனிபா வேண்டும். வாப்பாவுக்கும் ஹனிபா மட்டும் போதும், சினிமாப் பாட்டு வீட்டுக்குள் வேண்டாம் என்பார். ஆனால் வாப்பா பள்ளிவாசலுக்குப் போன பிறகு செட்டில் என்ன ஓடும் என்பது அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது வாசலிலேயே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

காக்கா திரும்பிப் போன பிறகு இன்னொன்று நடந்தது. அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு வெறும் கடிதம் மட்டும் போகாது, குரலைப் பதிந்து கேசட்டும் போகும். ஊருக்கு வருகிறவர், போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மைனிக்குப் புதுக் கேசட் வாங்க வழி இல்லாதபோது, இருக்கிற பாட்டுக் கேசட்டில் பேசிப் பதிய வேண்டும். பேசினால் அடியில் உள்ள பாட்டு அழிந்துவிடும். எந்தப் பாட்டை அழிப்பது? மைனி ஒவ்வொரு தடவையும் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிக் கேட்பார். கடைசியில் ஏதோ ஒரு பாட்டு போகும். ஒரு வருடத்தில் அந்தக் கேசட்டில் மிஞ்சியது நாலு பாட்டு. மற்றதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகுது, மாமிக்குக் கண் தெரியவில்லை. மிஞ்சிய நாலில் ஒன்று எஸ்.ஏ. ஜமீலின் துபாய் கத்துப் பாட்டு. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக 1970-களின் பிற்பகுதியில் அவர் மலையாளத்தில் பாடி, கேரளத்தையே அழவைத்த மாப்பிளைப் பாட்டு அது. எந்தத் தமிழ்ப் பட்டியலிலும் அதற்கு இடம் வராது. மலையாளப் பட்டியல் போடுகிறவர்களும் சினிமாவைத் தாண்டினால்தான் அதற்கு வருவார்கள். மைனி கடைசிவரை அழிக்காமல் வைத்திருந்த பாட்டு, எந்த ரேங்கிலும் இல்லை.

இந்த மாதிரி விட்டுப்போனவை எங்கள் மாவட்டத்தில் நிறைய. யேசுதாஸ் 1980-இல் திருவனந்தபுரத்தில் தரங்கிணி கேசட் கம்பெனியைத் தொடங்கினார். எல்லை தாண்டினால் களியக்காவிளை, அதனால் தரங்கிணிக் கேசட் எங்களுக்குச் சென்னைக் கேசட்டைவிட முந்தி வரும். அதில் 'மயில்பீலி' என்று ஒரு தொகுப்பு. குருவாயூரப்பன் மீது யேசுதாஸ் பாடியது. கேரளத்தில் இன்றும் கேட்கிறார்கள். அதன் பாட்டுகளை எழுதிய எஸ். ரமேசன் நாயர் நம் மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர். திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். 2021-இல் காலமானார். எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் ஒரு இஸ்லாமியர் காலைச் சாயா ஆற்றிக்கொண்டே அந்தக் கிருஷ்ணன் பாட்டை முழுசாகப் பாடிக் கேட்டிருக்கிறேன். குமரி மாவட்டத்துக்காரர் எழுதி, குமரி மாவட்டத்துக்காரர் பாடுகிற பாட்டு. ஆனால் மொழி மலையாளம், வகை பக்தி, படம் இல்லை. மூன்று காரணமும் சேர்ந்தால் எந்தத் தமிழ்ப் பட்டியலில் ஏறும்? ஹனிபாவும் அப்படித்தான். 1925-இல் பிறந்து 2015 வரை வாழ்ந்த மனிதர். 'இறைவனிடம் கையேந்துங்கள்' கேட்காத தமிழன் யார்? பத்து ஆல்பம் என்றால் அவர் பெயர் நினைவுக்கே வருவதில்லை. நம் 'தமிழின் தலைசிறந்த' பட்டியல்கள் எல்லாம் உண்மையில் தமிழ்ச் சினிமாவின் பட்டியல்கள். தலைப்பில் அதைச் சொல்லிவிட்டால் எனக்கு வழக்கே இல்லை.

இப்போது 2002-க்கு வருகிறேன். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பி.பி.சி. உலக சேவைக்கு எழுபது வயதானதை ஒட்டி, உலகத்திலேயே பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சம் வாக்குகள் வந்தன. 2002 டிசம்பரில் முடிவு வந்தது. முதலிடம் அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய விடுதலைப் பாட்டு. இரண்டாமிடம் ஆனந்த மடம் படத்தில் வந்த வந்தே மாதரம். மூன்றாமிடம் பாகிஸ்தானின் 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காமிடம் நம்முடைய 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாமிடம் திருமலைச் சந்திரன் பாடிய ஈழப் பாட்டு, 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஒன்பதாமிடம் 'சைய்ய சைய்யா'. பத்தாமிடத்தில்தான் குயீன் குழுவின் பொஹீமியன் ராப்சடி வந்தது.

நான்காமிடம் பற்றித் தமிழ்நாடே பேசியது. பேசவேண்டியதுதான். 1991 தீபாவளிக்கு வந்த தளபதி, இளையராஜா இசை, வாலி எழுத்து, பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் குரல். குத்துப் பாட்டுக்கு நடுவில் அப்பர் தேவாரத்தைக் கொண்டுவந்து வைத்த துணிச்சல் வேறு யாருக்கு வரும்? ஆனால் பட்டியலை மறுபடி ஒருமுறை மேலிருந்து பாருங்கள். முதல் ஐந்தில் நாலு, ஒரு நாட்டையோ ஒரு இனத்தையோ பற்றிய பாட்டு. அயர்லாந்துக்காரர் நாட்டுக்கு வாக்குப் போட்டார், இந்தியர் நாட்டுக்குப் போட்டார், பாகிஸ்தானியரும் அப்படியே, ஈழத்தமிழர் தம் மக்களுக்குப் போட்டார். நடுவில் நாம் மட்டும் ரஜினி ஆட்டத்துக்குப் போட்டிருக்கிறோம்! எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. பாட்டைப் பாட்டாகக் கேட்டவர்கள் நாம்தான் என்று வாதாடலாம்.

ஐந்தாமிடத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியவே இல்லை. பத்திரிகையில் பார்த்த அன்று நான் வேலை செய்த பள்ளியின் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "இது என்ன பாட்டு, கேள்விப்பட்டதே இல்லையே. ஆள் சேர்த்து ஓட்டுப் போட்டிருப்பான் சார், கள்ள ஓட்டு மாதிரிதான்." ஆள் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அயர்லாந்துக்காரர்களும் மின்னஞ்சல் அனுப்பி அனுப்பித்தான் ஆள் சேர்த்தார்கள். ஆள் சேராத வாக்கெடுப்பு எது?

எங்கள் மாவட்டத்தில் இலங்கை அகதிகள் முகாம்கள் உண்டு. அப்போது என் வகுப்பில் முகாமிலிருந்து வருகிற ஒரு பையன் படித்தான். பேச்சுக் குறைவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் "தம்பி, இந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை பாடினான். நான் நிற்கச் சொல்லவே இல்லை. தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் அவனாகவே நின்றான். ஊரை விட்டுக் குழந்தைகளும் நடந்து போவதைப் பற்றிய பாட்டு என்பது தலைப்பிலேயே இருக்கிறது. பாட்டு முடிந்ததும் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். மற்றப் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள். அந்த வகுப்பில் அது அபூர்வம்.

இசை என்று மட்டும் எடுத்தால் ராக்கம்மாவின் பக்கத்தில் அந்தப் பாட்டு நிற்குமா என்று கேட்பீர்கள். மெட்டு, வாத்தியச் சேர்ப்பு, பதிவின் தரம் என்று மதிப்பெண் போட்டால் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடித்த பாட்டு எது என்பதுதானே பி.பி.சி. கேட்ட கேள்வி? உலகமெங்கும் சிதறிப்போன ஒரு ஜனம், வானொலி கேட்ட கேள்விக்கு "நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதிப் போட்ட பதில் அது. அதைக் கள்ள ஓட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அன்று ஆசிரியர் அறையிலும் அதைத்தான் சொன்னேன்.

தனி ஒருவர் போட்ட பட்டியலும் உண்டு. 2005-இல் டைம் பத்திரிகையில் ரிச்சர்ட் கார்லிஸ் என்ற சினிமா விமர்சகர் பத்துச் சிறந்த படப் பாடல் தொகுப்புகள் என்று எழுதியதில் ரோஜா இருந்தது. நம் ஊரில் அதை "உலகமே ஏற்றுக்கொண்டது" என்று கொண்டாடினோம். ஒரு நல்ல விமர்சகர், தன் காதுக்குப் பிடித்ததைத் தன் பெயர் போட்டு எழுதினார். அதுதான் நடந்தது. ஒன்றரை லட்சம் பேர் போட்டதைக் கள்ள ஓட்டு என்பவர்கள், ஒருவர் எழுதியதை உலகத் தீர்ப்பு என்பது எனக்குப் புரிவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் ஐந்நூறு ஆல்பங்களுக்கு ரேங்க் போட்டது. முதலிடம் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர். 2020-இல் வாக்களிப்பவர்களை மாற்றி மறுபடி போட்டார்கள். மார்வின் கே என்ற கறுப்பினப் பாடகர் 1971-இல் வெளியிட்ட தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது, பீட்டில்ஸ் இருபத்துநாலுக்கு இறங்கியது. பதினேழு வருடத்தில் இரண்டு தட்டிலும் ஒரு சுரமும் மாறவில்லை. விற்பனைக் கணக்கும் அப்படித்தான். 1991 வரை பில்போர்ட் பத்திரிகை கடைச் சிப்பந்திகளைக் கேட்டுத்தான் கணக்கு எடுத்தது. அந்த ஆண்டு கம்ப்யூட்டர் பில் கணக்குக்கு மாறியதும், அதுவரை கீழே கிடந்த நாட்டுப்புறப் பாணி கன்ட்ரி இசையும் ராப்பும் மேலே ஏறின. ஜனங்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைப் பையன் வாயில் அந்தப் பெயர்கள் வரவில்லை.

வயதுக்கு வருவோம். 1989-இல் ஹால்புரூக், ஷிண்ட்லர் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். பல வயதினரை உட்காரவைத்து, 1932 முதல் 1986 வரை வந்த 28 பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒருவருக்கு ஏறக்குறைய இருபத்து மூன்றரை வயதாக இருக்கும்போது வெளிவந்த பாட்டுகள்மேல்தான் விருப்பம் உச்சத்தில் இருந்தது. நான் 1959-இல் பிறந்தவன். இருபத்து மூன்றரையைக் கூட்டினால் 1983. என்னைக் கேட்டால் முதலில் சொல்லும் படம் சலங்கை ஒலி. வெளிவந்தது 1983! இதை வாசித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. முப்பது வருடமாக ரசனை என்று நான் நினைத்திருந்தது பிறந்த தேதியா?

கொஞ்சம் ஆற அமர யோசித்தேன். 1983-இல் எத்தனையோ படம் வந்தது. நூறு பாட்டாவது கேட்டிருப்பேன். தொண்ணூறு மறந்துவிட்டது. அந்த ஆய்வு எனக்கு ஏன் 1983 என்று சொல்கிறது, ஏன் சலங்கை ஒலி என்று சொல்லவில்லை. அதற்கு நான்தான் காரணம் சொல்ல வேண்டும், சொல்லவும் முடியும். 'தகிட ததிமி'யில் குடித்துத் தள்ளாடுகிற ஒருவன் கிணற்றுச் சுவரில் ஆடுகிறான். பாட்டும் அவன் காலைப் போலவே விழப்போகிறது, விழப்போகிறது, கடைசி நொடியில் தாளத்தில் வந்து நிற்கிறது. பாலசுப்ரமணியத்தின் குரலும் அந்தச் சுவர்மேல்தான் நடக்கிறது. படம் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டாலும் கிணறு தெரியும். இதை நான் சொன்ன பிறகு என் மாணவன் ஒருவன் போய்க் கேட்டுவிட்டு வந்து "ஆமா சார்" என்றான். அவன் பிறந்தது 1990.

ஆக, அவரவர் ருசி அவரவருக்கு, பேசவே வேண்டாம் என்கிற கட்சியிலும் நான் இல்லை. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ ஞானி 1757-இல் ருசியைப் பற்றி எழுதிய கட்டுரையில், செர்வாண்டிஸின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்க்க இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாசனை வருகிறது என்றார். மற்றவர் இரும்பு வாசனை வருகிறது என்றார். கூடியிருந்தவர்கள் கேலி செய்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு சாவி கிடந்தது, தோல்வாரில் கட்டிய இரும்புச் சாவி. பாட்டிலும் சாவி உண்டு என்பது என் நம்பிக்கை. ஒருவர் ஒன்றைப் பிடித்துக் காட்டுவார், இன்னொருவர் வேறொன்றை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பள்ளி ஆண்டுவிழாப் பாட்டுப் போட்டிகளுக்குப் பல வருடம் நடுவராக இருந்திருக்கிறேன். சுருதிக்குப் பத்து, தாளத்துக்குப் பத்து, உச்சரிப்புக்குப் பத்து என்று தாள் கொடுப்பார்கள். மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணும் ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். யார் கடைசி என்பதில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை எல்லாம் முதல் மூன்று பேரைப் பற்றித்தான். சுருதி விலகினால் மூன்று பேர் காதுக்கும் தெரிகிறது. சுருதி சேர்ந்து பாடுகிறவர்களுக்குள் யார் மேல் என்று வரும்போதுதான் நடுவர் எந்த ஊர், எந்த வயது, வீட்டில் என்ன ரேடியோ என்பதெல்லாம் பேனா வழியாக இறங்குகிறது. கணக்குத் தேர்வுக்கு விடைக்குறிப்பு உண்டு. அந்த முதல் மூன்று பேருக்கு விடைக்குறிப்பு கிடையாது.

குழுவை விட்டுப் போன இரண்டு பேருக்கும் தனியாக போன் செய்து இதைத்தான் சொன்னேன். பட்டியல் போடு, ஆனால் மேலே பிறந்த வருடம், ஊர், முதலில் பாட்டுக் கேட்ட கருவி மூன்றையும் எழுது. ஒருவன் திரும்பி வந்துவிட்டான். மற்றவன் "ரோஜாவை இரண்டாவது இடத்துக்கு இறக்கினால் வருகிறேன்" என்கிறான். பார்ப்போம்.

என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். பிறந்தது 1959, தேங்காய்ப்பட்டணம், முதலில் கேட்டது சாயாக்கடை ரேடியோ. சலங்கை ஒலி, மயில்பீலி, ஹனிபாவின் பாட்டுகள் அடங்கிய எந்தக் கேசட்டானாலும் சரி, அன்னக்கிளி, தளபதி, ஜமீலின் கத்துப் பாட்டு, ரோஜா. ஏழுதான் வருகிறது. மற்ற மூன்றுக்குப் பேரன் ஏதோ சிபாரிசு செய்திருக்கிறான், இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். பத்திரிகைப் பட்டியல்கள் பத்திரமாக இருக்கும். அடுத்த நூற்றாண்டில் தமிழர்கள் என்ன கேட்டார்கள் என்று ஆராய்கிறவர் அவற்றைத்தான் எடுத்துப் பார்ப்பார். மைனி மாதிரி ஆட்களின் பட்டியல் கேசட் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில்தான் இருக்கிறது. உப்புக் காற்றில் நாடா பூஞ்சணம் பிடித்திருக்கும், பரணைச் சுத்தம் செய்யும்போது வாரிக் கொட்டுகிறோம். கொட்டுவதற்கு முன்னால் அந்த அட்டையை, கையெழுத்துத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கீழே கமென்ட்டில் போடுங்கள். ஏ பக்கம், பி பக்கம் இரண்டும் வேண்டும். கேசட் ஓடவேண்டும் என்று அவசியமில்லை.